நாற்பத்தெட்டுக் குறிகளும் ஒரு போலந்து மருமகனும்

லுவான் ஷோயெ யாரையும் நம்பியதில்லை. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததுமில்லை. சீனாவின் சிங்தாவ் நகரத்துப் பருத்தி ஆலை ஒன்றின் வாசலில், பாதுகாப்புப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு கர்ப்பிணி மாதிரி நடந்து வெளியேறும் பெண், சாப்பாட்டுத் தூக்கின் அடியில் நூல்கண்டை வைத்துவிட்டு விசிலடித்தபடி போகும் ஆள் என்று பார்த்துப் பார்த்து, மனிதர் என்றாலே எதையோ ஒளித்துக்கொண்டு போகிறவர் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஆலையை மூடிப் பல வருஷம் ஆகியும் அந்தக் கண் மட்டும் மூடவில்லை. மட்டி விற்கிறவன் தண்ணீரை வடிக்காமல் எடை போடுகிறானா என்று கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பார். பிளாஸ்டிக் பையில் பீர் பிடித்துக் கொடுக்கும் கடைக்காரி நுரையைக் கூட்டிவிட்டாளா என்று பையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். மனைவி உயிரோடிருந்த காலத்தில் அவள் “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு வெளிநாட்டு மருமகன் வந்து வாய்த்தான். ஒரே மகள் ஷுவாங் கப்பல் கட்டும் தளத்து அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, இஞ்சின் பொருத்த வந்த போலந்துக்காரன் ஒருவனைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். பெயர் தோமாஷ். தலை நிலையில் இடிக்கிற உயரம், வைக்கோல் நிறத் தாடி. இருவரும் ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊரில் குடித்தனம். அவளுக்குப் போலந்து மொழி வராது, அவனுக்குச் சீன மொழியில் ‘பா’, ‘சாப்டாச்சா’, ‘போதும்’ இந்த மூன்றும்தான் வரும். ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்.

அந்த ஆங்கிலம்தான் லுவானின் நெஞ்சில் முள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகள் வீடியோ அழைப்பில் வருவாள். அப்பாவிடம் இரண்டு வார்த்தை, பிறகு பக்கத்தில் திரும்பி அவனிடம் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை. நடுநடுவே ‘பா’ என்ற சொல் மட்டும் இவர் காதில் தெளிவாக விழும். ஆக, பேச்சு இவரைப் பற்றியது. என்ன பேச்சு? கேட்டால், “ஒண்ணுமில்லப்பா, குளிருதான்னு கேட்டான்” என்பாள். இவ்வளவு நீளமாகவா ஒரு மனுஷன் குளிரைப் பற்றிக் கேட்பான்?

கோடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. ஷுவாங் அவனிடம் ஏதோ சொன்னாள். தோமாஷ் திரைக்குள்ளிருந்து இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். லுவானுக்குப் பொறி தட்டியது. அந்தப் பார்வையை அவர் வாசலில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். மடியில் கனம் உள்ளவன் பார்க்கிற பார்வை அது.

அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தார். அவர் வீடு இருக்கும் ஆலைக் குடியிருப்பை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இடிக்கிற வீட்டுக்கு ஈடாகப் புது வீடு வரும். அதை மகள் பேருக்கு மாற்றி விற்றுவிட்டு, கிழவனை எங்காவது முதியோர் விடுதியில் தள்ளிவிடுவது. திட்டம் வெள்ளைக்காரனுடையது, ஷுவாங் பாவம், அவன் பேச்சுக்கு ஆடுகிறாள். வீடு போனால் போகட்டும் என்றுகூட அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் பெற்ற பெண் தன் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு, தனக்குப் புரியாத மொழியில் தன்னை விற்கிறாளா என்பது தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் கண்ணை மூட முடியாது.

அடுத்த வாரமே முதியோர் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சேர்ந்தவர்கள் யாரும் வெளியே போவதில்லை, முடித்த வகுப்பிலேயே மறுபடி பணம் கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். இவர் விடியுமுன்பே வரிசையில் நின்றார்.

“பேச்சு ஆங்கிலம் எடுத்துக்குங்க ஐயா. வெளிநாடு போனா காப்பி வாங்க, வழி கேக்க எல்லாம் சொல்லித் தருவாங்க” என்றாள் பதிவு செய்கிற பெண்.

“எனக்குப் பேசவும் வேண்டாம், காப்பியும் வேண்டாம். காதுல விழறத அப்படியே எழுதறதுக்கு ஏதாவது வகுப்பு இருக்கா?”

“ஒலிக்குறி வகுப்பு இருக்கு. ஆனா அதுல உச்சரிப்பு மட்டுந்தான். அர்த்தம் எல்லாம் சொல்லித் தர மாட்டாங்க.”

“அர்த்தத்த நான் பாத்துக்கறேன்” என்றார் லுவான். பாதுகாப்புப் பிரிவில் அதுதான் முறை. முதலில் ஆளைப் பிடி, வாக்குமூலத்தை வாங்கு, விசாரணை அப்புறம். இந்த வயதில் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தால் மண்டையில் ஏறாது. சத்தத்தை எழுதி வைத்துக்கொண்டால், என்றைக்காவது ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வகுப்பில் நுழைந்ததுமே முன் வரிசையிலிருந்து ஒரு குரல். “என்ன லுவான் அண்ணே, இங்கயும் பையச் சோதனை போட வந்துட்டீங்களா?” மூ சுய்லியன். அதே ஆலையில் தறி ஓட்டியவள். ஒரு காலத்தில் இவருடைய பிரிவுப் பெண்கள் அவளை வாசலில் நிறுத்திச் சட்டைப்பை வரை தடவிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதை இரண்டு பேருமே மறக்கவில்லை.

“உன் பையில என்ன இருக்கப்போவுது மூ அக்கா, பல்செட்டுதானே இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தார். சுவருக்கு முதுகைக் கொடுத்தால்தான் எல்லோரையும் பார்க்க முடியும்.

ஆசிரியை ஜியாங் சின்னப் பெண். ஆங்கிலச் சத்தங்களுக்கான நாற்பத்தெட்டுக் குறிகளை வரிசையாகப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வாயை எப்படி வைத்துக்கொள்வது என்று செய்து காட்டினாள். ஆளுக்கொரு கைக்கண்ணாடி. ஒரு விரல் நுழைகிற அளவு வாயைத் திற, இரண்டு விரல் அளவு திற, வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்து ஊது. θ என்ற குறிக்கு நாக்கைப் பல்லுக்கு நடுவில் நீட்டிக் காற்றை விட வேண்டும். மூ அக்கா அந்தக் காற்றை விட்டபோது மேல் பல்செட்டும் கூடவே வந்து மேசையில் விழுந்தது. வகுப்பு சிரித்து ஓய்வதற்கே மணியடித்துவிட்டது.

லுவான் சிரிக்கவில்லை. அவருக்கு இந்த மொழியின் மேலேயே சந்தேகம் வந்திருந்தது. எழுதுவது ஒன்று, படிப்பது வேறு. சொல்லுக்கு நடுவில் ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும், சத்தமே போடாது. “அப்ப அது அங்க எதுக்கு டீச்சர்?” என்று கேட்டால், “சும்மா இருக்குதுங்க ஐயா” என்கிறாள். சும்மா இருக்கிறவன் எவனும் கிடையாது என்பது லுவானின் அனுபவம். எல்லாவற்றையும் விட மோசம் ə. தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும் எழுத்து. எந்த எழுத்துக்குப் பின்னாலும் இதுவே ஒளிந்துகொண்டிருக்கும். ஆலையில் இப்படி ஒருத்தன் இருந்தான், எந்த ஷிஃப்டிலும் பேர் இருக்காது, எல்லா ஷிஃப்டிலும் நிற்பான். இந்த மொழியை உண்டாக்கினவன் நேர்மையான ஆளாக இருக்க முடியாது என்று லுவான் முடிவு கட்டினார். ஆனால் குறிகள் அப்படி இல்லை. ஒரு குறிக்கு ஒரு சத்தம், உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது. காலம் போன காலத்தில் அவர் நம்பத் துணிந்த முதல் ஆட்கள் அந்த நாற்பத்தெட்டுப் பேர்தான்.

குளிர்காலம் முழுக்கத் தொலைக்காட்சியில் ஆங்கிலச் செய்தியை ஓடவிட்டு, பழைய செய்தித்தாள் ஓரங்களில் சத்தங்களை எழுதிப் பழகினார். அர்த்தம் தலையும் புரியாது வாலும் புரியாது. ð குறிக்கு எடுத்துக்காட்டாக ஜியாங் டீச்சர் சொன்ன, ‘அப்பா’வுக்கான ஆங்கிலச் சொல் ஒன்றே ஒன்றுதான் அர்த்தத்தோடு மனதில் நின்றது. மற்றபடி காது மட்டும் நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டே போனது. மகளிடம் சீட்டாடப் போவதாகச் சொல்லி வைத்திருந்தார். ஷுவாங், “நல்லதுப்பா, நாலு பேரோட பழகுங்க” என்று சந்தோஷப்பட்டாள். அவளுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று அதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

வசந்தம் பிறந்து கடலில் மீன் வரத்து தொடங்கியதும் அவர்கள் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அந்தப் பருவத்தில் மருமகன்மார் மாமனார் வீட்டுக்குக் வஞ்சிர மீன் வாங்கிக்கொண்டு வருவது சிங்தாவ் வழக்கம். முன்பு வந்தபோதெல்லாம் ஷுவாங்தான் வாங்கி அவன் கையில் திணிப்பாள். இந்தத் தடவை தோமாஷ் தானே அதிகாலையில் மீன் சந்தைக்குப் போய், கைக்குழந்தை உயரத்துக்கு ஒரு மீனைச் சிவப்பு நாடா கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்து, “லுவான் அண்ணனுக்கு வாய்ச்ச மருமகனப் பாரு!” என்று வாயைப் பிளந்தார்கள். லுவான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். புது மீன்தான். சந்தேகம் இரட்டிப்பாயிற்று. ஒன்றும் செய்யாதவன் எதற்கு இவ்வளவு பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு வருகிறான்?

“பா, சாப்டாச்சா?” என்றான் தோமாஷ், தாடிக்குள் சிரித்தபடி.

“சாப்டாச்சு, சாப்டாச்சு.”

அன்று இரவே அடுத்த தடயம். இருப்பது இரண்டு அறைகள். மகளுக்கும் மருமகனுக்கும் உள்ளறையில் புது மெத்தை போட்டு வைத்திருந்தார். தோமாஷுக்கு முதுகு வலியாம். மெத்தை ஒத்துக்கொள்ளாதாம். கூடத்தில் தரையில் விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொண்டான். கூடத்தில்தான் அலமாரி, அலமாரியில்தான் வீட்டுப் பத்திரம். லுவானுக்கு மூக்கில் வியர்த்தது. மறுநாள் பத்திரத்தை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். மகள் சோறு வடிக்க டப்பாவைத் திறக்கப் போகிறாள் என்று கண்டதும், பாய்ந்துபோய் எடுத்து, ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் செருகினார். இப்போதும் அந்தப் பத்திரத்தில் லேசாகப் பூண்டு வாசம் அடிக்கும்.

இன்னொன்றும் உறுத்தியது. இத்தனை மாதம் பழகிய காதுக்கு இப்போது தெரிந்தது, தோமாஷுக்கு θ வரவில்லை. வெறும் ‘ட்’ போடுகிறான். வகுப்பில் எழுந்து நின்று, “டீச்சர், அசல் வெள்ளைக்காரன் ஒருத்தன் இந்தக் குறியத் தப்பாச் சொல்லுவானா?” என்று கேட்டார்.

“வெள்ளைக்காரங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லையே ஐயா. நம்மள மாதிரி படிச்சுத்தான் பேசுவாங்க.”

“மூ அக்கா பல்லில்லாமலே சரியாச் சொல்றாங்க.”

“உங்க வாயி இருக்கே!” என்று மூ அக்கா கண்ணாடியை ஓங்கினாள். ஆனாலும் லுவானுக்குத் திருப்தியில்லை. இவன் உண்மையிலேயே போலந்துக்காரன்தானா என்றுகூட ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வாய்ப்பு மதியச் சாப்பாட்டு மேசையில் வந்தது. மீனை அரைத்துப் பூரணமாக்கிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள் ஷுவாங். தோமாஷ் மாவைத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான், வட்டமாக அல்ல, போலந்து வரைபடம் மாதிரி. லுவான் எதிரே செய்தித்தாளை விரித்து, கையில் பென்சிலோடு எண் புதிர் போடுவதுபோல் உட்கார்ந்திருந்தார். திடீரென்று தோமாஷ் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னான். இருவருக்குமே இரவல் மொழி என்பதால் சொற்களைப் பிட்டுப் பிட்டுத்தான் பேசுவார்கள். லுவானின் பென்சில் ஓடியது. ஷுவாங் தலை நிமிராமல் பதில் சொன்னாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. அதை எழுதக் குறி இல்லை. அவன் மறுபடி ஒன்று சொன்னான். நடுவில் இரண்டு தடவை ‘பா’. பிறகு அவள் நீளமாக ஒன்று சொல்லிவிட்டு, மாவுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னப்பா எழுதறீங்க?”

“புதிரு. ஒண்ணு மட்டும் இடிக்குது” என்று சொல்லிச் செய்தித்தாளை மடித்துக்கொண்டார். நாலு நாளில், வெள்ளிக்கிழமை, அவர்கள் கிளம்புகிறார்கள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அன்றைக்குக் கொழுக்கட்டை ருசியாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டோடு எழுந்துவிட்டார்.

ஒலிக்குறி வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் பலகையில் சில வரிகளைக் குறிகளாக மட்டும் எழுதுவார். மற்றவர்கள் சேர்ந்து வாய்விட்டுப் படிப்பார்கள். கடைசியில் டீச்சர் திருத்துவாள், நேரமிருந்தால் அர்த்தமும் சொல்லுவாள். புதன்கிழமை லுவான் தானாகவே எழுந்து போய்ச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். ‘பா’ என்று வந்த இடங்களில் மட்டும் தனக்குத் தெரிந்த அந்த ஒரு சொல்லைப் போட்டார், யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க.

“எதுலேர்ந்து எடுத்தீங்க ஐயா?”

“டிவில ஒரு தொடர் வருது.”

வகுப்பு குரலெடுத்துப் படித்தது. தலை நரைத்தவர்களும் மொட்டையானவர்களும், விரலளவு பார்த்து வாயைத் திறந்து, நாக்கைச் சரியான இடத்தில் வைத்து, ஜன்னல் கண்ணாடி அதிர அவர் வீட்டு மேசைப் பேச்சை ஒப்பித்தார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை. புரிந்தவள் ஒருத்திதான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் லுவான்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க!” என்றாள் ஜியாங் டீச்சர். இரண்டு குறிகளைத் திருத்தினாள். ‘ட்’ போட்டிருந்த இடங்களில் θ போட்டாள். “சோகமான சீனா இருக்கே. புருஷன் பொண்டாட்டி பேசிக்கறாங்க. அவன் சொல்றான், ‘நாம போன கோடையோடயே பிரிஞ்சாச்சு. உங்க அப்பா முன்னாடி இன்னும் எத்தனை நாள் நான் உன் புருஷனா நடிக்கறது?’ அவ சொல்றா, ‘வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ.’ அவன், ‘எனக்கு அப்பாவைப் பிடிக்கும். அப்பா கிட்ட பொய் சொல்ல எனக்குப் பிடிக்கல’ங்கறான். கடைசியில அவ, ‘நான் அங்க தனியா இருக்கேன்னு தெரிஞ்சா அவர் தூங்கவே மாட்டார்’னு சொல்றா.”

லுவானின் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி கீழே விழுந்தது. வீடு எங்கே? பத்திரம் எங்கே? நாலு வரியையும் மறுபடி பார்த்தார். அதில் எங்கும் அவர் வீடு இல்லை. அவர் பெண்தான் இருந்தாள், தனியாக.

வகுப்பு பிடித்துக்கொண்டது. தொடர் என்றால் கேட்க வேண்டுமா?

“விவாகரத்து ஆனவன் எதுக்கு அந்தக் கிழவன் வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கான்? சொத்துல கண்ணு” என்றார் முன்னாள் தபால்காரர் ஒருவர்.

“உங்களுக்கு எல்லாமே சொத்துதான்” என்று மூ அக்கா அவர் மேல் பாய்ந்தாள். “கட்டினவன்கூட மாமனார் வீடுன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறான். இவன் விட்டுப்போனப்புறமும் அவளுக்காக வந்து நிக்கறான் பாருங்க. அவன் மனுஷன்! எனக்கு அந்த அப்பன் மேலதான் கோவம் வருது.”

“அப்பன் என்ன பண்ணினான்?” என்றார் லுவான். தன் குரலே அவருக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“பின்ன? பெத்த பொண்ணு, வாழ்க்க போச்சுன்னு அப்பன் மடியில விழுந்து அழ முடியல. கூலிக்கு ஆள் பிடிச்ச மாதிரி புருஷனக் கூட்டிட்டு வந்து நாடகம் போடறா. அப்படின்னா அந்த ஆளு எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கணும்? கல்யாணத்தப்பவே ‘இவன் உன்ன நட்டாத்துல விட்டுட்டுப் போயிடுவான்’னு சாபம் கொடுத்திருப்பான். அதான் அவளுக்கு வாய் வரல.”

லுவான் கொடுத்திருந்தார். விருந்தில், பத்துப் பேர் முன்னால், மணப்பெண் கோப்பையில் மது ஊற்ற வந்தபோது, ஏறக்குறைய அதே வார்த்தைகளில்.

“அடுத்து என்ன ஆச்சு அண்ணே? அப்பனுக்குத் தெரிஞ்சுதா?”

“இன்னும் காட்டல” என்றார். பலகையைத் தானே அழித்தார். அழிப்பது அந்த வாரம் முறை வந்தவரின் வேலை. வீட்டுக்கு எந்தப் பேருந்தில் வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. கடற்கரை நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றார். வாழ்நாளெல்லாம் எல்லோரையும் சோதனை போட்டவர், தன் வீட்டு வாசலைத் தாண்டித் தன் பெண் இவ்வளவு பெரிய துக்கத்தை மடியில் கட்டிக்கொண்டு நுழைந்ததைப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. அவள் அங்கே காய்ச்சலில் படுத்தால் யார் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்?

வியாழக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. லுவான் எதையும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஒரு மெத்தையை இழுத்துக் கூடத்தில் போட்டார். தோமாஷ் முதுகைக் காட்டி, “போதும், போதும்” என்றான். “படுடா பேசாம” என்று சீன மொழியில் அதட்டினார். அவனும் படுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை. தோமாஷ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டாக்சி வரப்போகும் தெருவுக்கு இறங்கிப் போனான். ஷுவாங் சமையலறையில் மீதிக் கொழுக்கட்டைகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். லுவான் நிலையில் சாய்ந்து நின்றார்.

“ஷுவாங். அடுத்த வருஷம் நீ மட்டும் வா. அந்தப் பையன அலைய விடாத.”

அவள் கை நின்றது. “ஏன்ப்பா? தோமாஷ் என்ன பண்ணினான்?”

“ஒண்ணும் பண்ணல. அதான் சொல்றேன்.”

அவள் திரும்பினாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. “அவன் சொன்னானா?”

“அவன் எங்க சொன்னான்? நீங்க ரெண்டு பேருந்தான் சொன்னீங்க. மாவு தேய்ச்சுக்கிட்டு, என் மூஞ்சிக்கு முன்னாடி.”

“உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“ஒரே ஒரு வார்த்த தெரியும். ‘அப்பா’.”

டப்பாவின் மூடி அவள் கையிலிருந்து நழுவியது. அவள் அதை எடுக்கக் குனிந்தாள், எழுந்திருக்கவில்லை. அடுப்படியில் அப்படியே குந்தி உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சுப்பா.”

“நான் சொன்னது தப்பு” என்றார் லுவான். இந்த வாக்கியத்தை அவர் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. வாயை எந்த அளவு திறப்பது என்று தெரியாதவர்போல் இரண்டு தடவை தடுமாறித்தான் சொன்னார். “விட்டுட்டுப் போறவன் அத்தன தூரம் பறந்து வந்து என் வீட்டுத் தரையில படுக்க மாட்டான். உங்களுக்குள்ள என்னமோ ஒத்துவரல, அது உங்க பாடு. நான் விசாரிக்கல. ஆனா இனிமே உடம்புக்கு முடியலன்னா, வேல போச்சுன்னா, ராத்திரி தூக்கம் வரலன்னா, எங்கிட்ட சொல்லு. நான் தூங்கலன்னா என்ன இப்ப? தூங்கி என்ன பண்ணப் போறேன்?”

அவள் அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார முயன்று, முட்டி மடங்காமல், அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நெற்றி சூடாக இல்லை. கீழே டாக்சி ஹாரன் அடித்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் சொன்னாள், “அவன் கிட்ட காட்டிக்காதீங்கப்பா, உங்களுக்குத் தெரியும்னு. ரொம்பக் கஷ்டப்பட்டு நடிச்சான். உங்ககிட்டேர்ந்து ஒழுங்கா விடைபெறணும்னு நெனைக்கறான்.”

லுவான் தலையாட்டினார். தெருவில் தோமாஷ் டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமனாரைக் கண்டதும் அந்தப் பழைய பார்வை, சட்டென்று கண்ணைத் தாழ்த்துவது. லுவான் அருகே போய், ஊர் மாமனார்கள் எல்லோரும் செய்வதுபோல் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டு, கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு, மகள் மொழிபெயர்க்கட்டும் என்று இடைவெளி விட்டுச் சொன்னார்:

“எம் பொண்ண நல்லாப் பாத்துக்கணும். கேட்டுக்கிட்டியா?”

ஷுவாங் ஆங்கிலத்தில் சொன்னாள். தோமாஷின் கண் சிவந்துவிட்டது. இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் நாலைந்து சொற்களில் ஏதோ சொல்லி, ‘பா’ என்று முடித்தான். “பாத்துக்கறேங்கறான்ப்பா” என்றாள் ஷுவாங். யாருடைய பேச்சையும் நம்பாத லுவான் ஷோயெ, பொய் என்று நன்றாகத் தெரிந்த அந்தப் பேச்சை அப்படியே நம்பினார்.